ஒரே கம்பியில் தனித் தடம்

தோட்டத்துத் தமிழரைப் பற்றி நம்மிடம் எழுத்து உண்டு. கப்பலேறி வந்தது, காடு அழித்தது, லயத்தில் வாழ்ந்தது, தோட்டம் துண்டாடப்பட்டபோது மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு இறங்கியது என எல்லாவற்றுக்கும் கதையும் நாவலும் ஆய்வும் இருக்கின்றன. இறங்கியவர்களின் பிள்ளைகள் ஆலைக்குள் போய் என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் எழுத்து குறைவு. நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை எடுத்தார். நான் கூலிம் ஆலைகளில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அந்த வேலையின் ஒரு பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். சர்வருக்கும் டிஸ்க் அடுக்குக்கும் இடையே ஓடும் தரவு எப்படி ஈதர்நெட் ஸ்விட்சுக்கு வந்து சேர்ந்தது, வந்த பிறகு அதைக் காப்பாற்ற எங்களைப் போன்றவர்கள் என்ன ஒழுங்குகளைக் கற்க வேண்டியிருந்தது என்பதே கதை.

நிலம் கைமாறிய விதம்

கெடா 1909-இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரமெங்கும் ரப்பர் நிரை நிரையாக எழுந்தது. ஹென்றியட்டா, விக்டோரியா, டப்ளின், ஹார்வர்ட் என்ற வெள்ளைக்காரப் பெயர்களை நம் மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பிறகு செம்பனை வந்தது. 1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தபோது தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பலர் விடியற்காலை ஆலைப் பேருந்தில் ஏறத் தொடங்கினார்கள். 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அது. இன்டெல் அங்கேயும் வந்தது. சில்டெர்ரா சிலிக்கான் வேஃபரில் சிப் செய்ய வந்தது; இன்ஃபினியோன் 2006-இல் தன் ஆலையைத் திறந்தது. ஜப்பானின் ஃபுஜி எலெக்ட்ரிக், ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் காந்தத் தட்டுகளை இதே கூலிமில்தான் செய்தது. உலகத்தின் தரவு எதன்மேல் எழுதப்படுகிறதோ, அந்தத் தட்டு நம் ஊர் மண்ணிலிருந்து போயிருக்கிறது.

வேஃபர் ஆலையில் ஒரு பெட்டி வேஃபர் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இயந்திரம் சர்வரைக் கேட்கும்: இந்தப் பெட்டி எது, இதுவரை என்ன நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும்? சர்வர் தன் டிஸ்க்கைக் கேட்கும். டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் ஆலை நிற்கும். அதனால்தான் கூலிமில் சேமிப்பகம் அலுவலகத்துக்கு மட்டும் உரிய சமாச்சாரமாக இருந்ததில்லை. உற்பத்தித் தளத்தின் மூச்சு அதில் இருந்தது.

பெட்டியே பூட்டாக இருந்த காலம்

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-இல் ஐ.பி.எம். செய்த ராமக் இயந்திரத்தோடு வந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் 50. அவ்வளவும் சேர்ந்து கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள். அன்று முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் டிஸ்க் என்பது ஒரு கணினியோடு கட்டப்பட்டே இருந்தது. 1986-இல் தரமாக்கப்பட்ட ஸ்கசி கேபிள் வழியாகச் சிறு கணினிகளிலும் டிஸ்க்கைப் பெட்டிக்கு வெளியே வைக்க முடிந்தது. ஆனாலும் சாதாரண ஸ்கசி கேபிள் 6 மீட்டருக்கு மேல் போகாது; வேறு வகைக் கேபிளில் 25 மீட்டர். அதாவது, டிஸ்க்கும் சர்வரும் ஒரே அறைக்குள் இருந்தாக வேண்டும்.

அந்தக் குட்டையான கேபிள் ஒரு பாதுகாப்பைக் கேட்காமலே தந்தது. டிஸ்க்கோடு பேச வேண்டுமானால் அந்த அறைக்குள் நுழைந்து, அந்தக் கேபிளைத் தொட வேண்டும். அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே தரவும் இருந்தது. ஸ்கசி மொழியில் "நீ யார்?" என்ற கேள்வியே கிடையாது. கேட்கத் தேவை இருக்கவில்லை. இனி வரும் கதை முழுவதும் இந்தக் கேட்கப்படாத கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

1994-இல் ஃபைபர் சேனல் தரமாக வந்தது. டிஸ்க் அடுக்குகளைத் தனி அறையில் வைத்து, ஒளியிழை வழியாகப் பல சர்வர்கள் பங்குபோட்டுக்கொள்ளலாம். அதை வடிவமைத்தவர்கள் தரவு வழியில் தொலையவே கூடாது என்று முடிவுசெய்தார்கள். பெறுகிறவர் தன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்வார். அந்த அளவுக்கு மட்டுமே அனுப்புகிறவர் அனுப்புவார். எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சிலேயே மண்டலம் பிரித்துவிடலாம். அருமையான அமைப்பு. ஆனால் தனி ஸ்விட்ச், தனி கார்டு, தனி கேபிள், அதைத் தெரிந்த தனி ஆள் என எல்லாமே தனியாக வேண்டும். பெரிய ஆலைகள் வாங்கின. அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த லூனாஸ், சுங்கைப் பட்டாணிச் சிறு ஆலைகள் எட்டி நின்று பார்த்தன.

எல்லாரும் கேட்கும் கம்பி

ஈதர்நெட் வேறு குணத்தோடு பிறந்தது. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய அந்த முறையில், ஒரே கம்பியில் எல்லாக் கணினிகளும் தொங்கும். ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதும். சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். தரவு தொலைவது அங்கே குற்றமில்லை. தொலைந்ததை மேல்தளத்தில் இருப்பவர் மறுபடி அனுப்பட்டும் என்பதே அதன் எண்ணம்.

1990-ஐ ஒட்டி கல்பனா என்ற நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈதர்நெட் ஸ்விட்ச் இந்த நிலையை மாற்றியது. அதை லாரி பிளேருடன் சேர்ந்து நிறுவியவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ்; நிறுவனத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் தரவைத் தள்ளியது. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. 1998-இல் 802.1க்யூ என்ற தரம் வந்தது: ஃபிரேம் எனப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும் 4 பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டி, இது எந்த விலேனை, அதாவது ஒரே கம்பிக்குள் பிரித்த எந்தத் தனித் தடத்தைச் சேர்ந்தது, எவ்வளவு அவசரமானது என்று எழுதிவிடலாம். ஒரே கம்பியில் 4094 விலேன்கள் வரை பிரிக்கலாம். அவசரத்துக்கு எட்டுப் படிகள். 1999-இல் சாதாரணச் செம்புக் கேபிளில் கிகாபிட் வேகம், 100 மீட்டர் தூரம் வரை.

அதன்பிறகு ஐஸ்கசி வந்தது. ஐ.பி.எம். ஹைஃபா ஆய்வுக்கூடத்தின் ஜூலியன் சத்ரான் முன்னின்று வடித்த அந்த நெறிமுறை, பழைய ஸ்கசி கட்டளைகளை அப்படியே எடுத்து இணைய நெறிமுறைக்குள் வைத்து ஈதர்நெட்டில் அனுப்பியது. 2003 பிப்ரவரியில் இணையத் தர அமைப்பு அதை ஏற்றது, 2004-இல் ஆர்.எஃப்.சி. 3720 என்று வெளியானது. மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் சர்வருக்கான ஐஸ்கசி மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. எட்டி நின்ற சிறு ஆலைகளுக்கு வாசல் திறந்தது. ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்சில் டிஸ்க் அடுக்கைச் செருகினால் போதும் என்று விற்பனையாளர்கள் சொன்னார்கள்.

போதாது. "நீ யார்?" என்று கேட்கத் தெரியாத ஸ்கசி, எல்லாரும் நடமாடும் வலையமைப்புக்குள் இறக்கிவிடப்பட்டிருந்தது. தரவு தொலைந்தால் தாங்காத டிஸ்க், தரவு தொலைவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஈதர்நெட்டோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

ஐஸ்கசி ஏற்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2003 ஜனவரி 25 அன்று, எஸ்.க்யூ.எல். ஸ்லாமர் என்ற கணினிப் புழு உலகத்தை அடித்தது. வெறும் 376 பைட். ஏறக்குறைய பத்தே நிமிடத்தில், அது தாக்கக்கூடிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொண்டது. டிஸ்க்கில் எதையும் அழிக்கவில்லை. கம்பியை நிரப்பியே எல்லாவற்றையும் நிறுத்தியது. அலுவலகக் கணினியும் சர்வரும் ஒரே தட்டையான வலையமைப்பில் கிடந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலுக்கு முதன்முதலில் உறைத்தது அந்த வாரத்தில்தான்.

பாலும் ஒட்டுப்பாலும்

விலேன் என்றால் என்ன என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு விளக்கும்போது நான் தோட்டத்தைத்தான் சொல்வேன். காலையில் வெட்டி எடுத்த பாலும், கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலும் ஒரே வண்டியில் ஏறும். ஒரே ஸ்டோருக்குத்தான் போகும். ஆனால் ஒருபோதும் ஒரே தொட்டியில் விழாது. பாலில் அழுக்கு விழுந்தால் உறையும். வழியில் வண்டி நின்றாலும் உறையும்; அதற்காகத்தான் அமோனியா ஊற்றினார்கள். ஒட்டுப்பாலுக்கு அந்த அவசரம் இல்லை. சேமிப்பகத் தரவு பாலைப் போன்றது. மின்னஞ்சல் அரை நிமிடம் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. டிஸ்க்குக்குப் போகும் எழுத்து அரை நிமிடம் நின்றால் சர்வர் தன் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டும்.

நான் பார்த்த ஓர் ஆலையில் இதுதான் நடந்தது. ஐஸ்கசி அடுக்கை அலுவலக விலேனிலேயே செருகியிருந்தார்கள். பகலில் ஓடியது. சாயங்காலம் பேக்கப் தொடங்கியதும் உற்பத்தித் தளத்தில் திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. டிஸ்க் அடுக்கு நன்றாக இருந்தது, சர்வரும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஸ்விட்சின் போர்ட்டில் பேக்கப் தரவு வரிசைகட்டி நின்றது. இடம் போதாமல் ஸ்விட்ச் ஃபிரேம்களைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. போர்ட்டின் கணக்கைத் திறந்து பார்த்தால் கைவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை கண்முன்னே ஏறியது. சேமிப்பகத்தைத் தனி விலேனுக்கு மாற்றி, அலுவலகத்திலிருந்து அதற்குள் வழியே இல்லாமல் அடைத்து, பேக்கப்புக்கு வேறொரு போர்ட் கொடுத்த பிறகுதான் தளம் அமைதியானது.

ஒழுங்கைக் கற்ற வரிசை

தனி விலேன் முதல் பாடம். அடுத்தடுத்த பாடங்கள் ஒவ்வொன்றும் ஒரு சேதத்துக்குப் பிறகே தொழிலுக்குள் வந்தன.

ஈதர்நெட் ஃபிரேமின் வழக்கமான சுமை 1500 பைட். பெரிய தரவை அத்தனை சிறு துண்டாக வெட்டினால் சர்வருக்கு வேலை கூடும் என்று 9000 பைட் ஜம்போ ஃபிரேம் பழக்கத்துக்கு வந்தது. சர்வர், டிஸ்க் அடுக்கு, நடுவிலுள்ள எல்லா ஸ்விட்சுகள் என அனைத்திலும் அதை இயக்கியாக வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் நோய் விசித்திரமாக இருக்கும்: இணைப்பு உண்டாகும், பெயர் தெரியும், சின்னக் கோப்பு திறக்கும், பெரிய கோப்பை நகலெடுத்தால் அப்படியே நின்றுவிடும். அதனால் புது இணைப்பைக் கொடுத்தவுடன், துண்டாக்காதே என்ற குறியோடு 8972 பைட் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. 28 பைட் தலைப்போடு சேர்ந்தால் சரியாக 9000. அது போய்த் திரும்பினால்தான் கையெழுத்து.

1997-இல் வந்த 802.3எக்ஸ் தரம், நிரம்பிவழியும் கருவி "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்ல வழி செய்தது. நல்லதுதான், ஆனால் அது அந்தக் கம்பியில் போகும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சேமிப்பகத்துக்காக நிறுத்தினால் அதே கம்பியில் போகும் தொலைபேசிப் பேச்சும் நிற்கும். 2011-இல் வந்த 802.1க்யூபிபி தரம்தான் எட்டு அவசரப் படிகளில் ஒன்றை மட்டும் தனியாக நிறுத்தக் கற்றுக்கொடுத்தது. அதற்கு ஏற்ற ஸ்விட்ச் இல்லாத இடங்களில், சேமிப்பகத்துக்கென்று தனி ஸ்விட்சே வைத்துவிடுவது மேல் என்பது எங்கள் முடிவு.

ஸ்விட்சுகள் வட்டமாக இணைந்தால் தரவு சுற்றிச்சுற்றி வந்து வலையமைப்பையே மூழ்கடிக்கும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் கண்டுபிடித்த ஸ்பேனிங் ட்ரீ முறை இன்றும் நம்மைக் காக்கிறது. ஆனால் அதன் பழைய வடிவத்தில், ஒரு போர்ட் உயிர்பெற்றதும் 30 விநாடி பொறுத்துத்தான் தரவை விடும். கணினிக்கு அது பரவாயில்லை. டிஸ்க்குக்கு அது மரணம். சர்வரும் டிஸ்க் அடுக்கும் செருகப்பட்ட போர்ட்டுகளை விளிம்புப் போர்ட் என்று அறிவிப்பதும், 2001-இல் வந்த வேகமான வடிவத்துக்கு மாறுவதும் இதனால்தான். ஒரு ஸ்விட்ச் செத்தாலும் மற்றொன்றின் வழியாகத் தரவு போகும்படி இரண்டு ஸ்விட்ச், இரண்டு கார்டு, இரண்டு முகவரி வரிசை வைப்பதும் இதே அனுபவத்தின் பாடம். அடிக்கடி இடி விழும் நம் வட்டாரத்தில் இது ஆடம்பரம் அல்ல.

கடைசியில்தான் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு வந்தார்கள். ஐஸ்கசியில் சாப் என்ற முறை உண்டு: டிஸ்க் அடுக்கு ஒரு புதிரைக் கொடுக்கும்; ரகசியச் சொல் தெரிந்த சர்வர் மட்டுமே விடை சொல்ல முடியும்; ரகசியச் சொல் கம்பியில் போகாது. ஆனால் பல இடங்களில் அதை இயக்காமலே விட்டார்கள். இயக்கினாலும் அது உள்ளே வரும்போது மட்டுமே அடையாளம் கேட்கும். அதன்பிறகு ஓடும் தரவு திறந்தபடிதான் ஓடும். எனவே சாப் மட்டும் போதாது. பயன்படாத போர்ட்டுகளை அணைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டிலும் எந்தக் கருவி இருக்கலாம் என்று வரையறுக்க வேண்டும். ஐஸ்கசியின் 3260 என்ற வாசலை உரிய சர்வர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும். ஸ்விட்சை ஆள்வதற்கென்றே தனி விலேன் வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் திறந்தபடி அனுப்பும் டெல்நெட்டை விட்டு, மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக மட்டுமே நுழைய வேண்டும். ஆலையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். இவற்றில் எதுவும் கடினமான வித்தை இல்லை. ஒன்றையும் விட்டுவிடாமல் செய்வதுதான் கடினம்.

அக்காவின் நோட்டுப் புத்தகம்

எங்கள் குழுவில் மூத்தவர் ஓர் அக்கா, சுங்கைப் பட்டாணிக்காரர். அவருடைய தாத்தா தோட்டத்துக் கிராணியிடம் எடுபிடியாக இருந்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதக் கற்றவராம். எழுதி வைக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் அப்படி வந்தது. எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட், எந்த விலேன், எந்த சர்வர், யார் செருகினார்கள், எந்தத் தேதியில் என்று கட்டம் போட்டு நோட்டில் எழுதுவார். கணினியிலும் அதையே வைத்திருப்பார். மின்சாரம் போன நேரத்தில் கணினி திறக்காது, நோட்டு திறக்கும் என்பார். சேமிப்பகக் கேபிள் எல்லாம் ஒரே நிறம், இரண்டு முனையிலும் பெயர்ச்சீட்டு.

புதியவர்களுக்கு அவர் சொன்ன கட்டளை ஒன்றுதான். "தம்பி, கம்பியப் பிடுங்குறதுக்கு முன்னால பேரைப் படி. பேரு இல்லன்னா கை வைக்காத, என்னைக் கூப்பிடு."

பொறியியல் பட்டம் பெற்றவர்கள் வடிவமைத்துக் கொடுத்த வரைபடங்கள் எத்தனையோ ஆலைகளில் அலமாரியில் கிடந்தன. ஸ்விட்சுகள் உண்மையில் எப்படி இருக்கின்றன என்பது அக்காவின் நோட்டில்தான் இருந்தது. 2002-இல் கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் வந்த பிறகு சான்றிதழோடு வரும் நம் பிள்ளைகள் கூடினார்கள். அவர்களுக்குக் கட்டளைகள் நன்றாகத் தெரியும். எழுதி வைப்பதை மட்டும் அக்காவைப் போன்றவர்களிடம்தான் கற்றார்கள்.

இன்று

வேகம் கூடிவிட்டது. 10 கிகாபிட், 25, 100 என்று போய்க்கொண்டிருக்கிறது. பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. 2019-இல், கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஐஸ்கசி சேமிப்பகங்கள் உலகெங்கும் 13,000-க்கும் மேல் என்று ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2017-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற மிரட்டல் புழு, தட்டையான வலையமைப்புகளில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அன்றிலிருந்து பேக்கப்பும் உற்பத்தியும் ஒரே விலேனில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. மூலமும் நகலும் ஒரே நாளில் பூட்டப்பட்டால் நகல் எடுத்ததில் பயனில்லை.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் இன்று சின்ன கிளினிக், கணக்காளர் அலுவலகம், கூட்டுறவுக் கடை, ஆலயச் செயலகம் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு சேமிப்பகப் பெட்டி இருக்கிறது. மக்களின் மருத்துவக் குறிப்பும், உறுப்பினர் சேமிப்புக் கணக்கும், திருமணப் பதிவும் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் அது வருகிறவர்களின் கைப்பேசி இணையும் அதே ஸ்விட்சில்தான் செருகப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்கப் பெரிய பணம் தேவையில்லை. விலேன் பிரிக்கத் தெரிந்த ஸ்விட்ச் இன்று சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் சேமிப்பகத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று பிரித்து, சாப் இயக்கி, பயன்படாத போர்ட்டை அணைத்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடலாம். ஆலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தம் ஊருக்கு இந்த ஒரு மதியத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குட்டையான ஸ்கசி கேபிளும் பூட்டிய அறையும் தானாகத் தந்த காப்பை, ஐஸ்கசி வந்த பிறகு மனிதர்கள் தங்கள் ஒழுங்கால் மறுபடி கட்டினார்கள். ஆலைகள் தனிக் கம்பி இழுக்காமல் மிச்சம்பிடித்த பணம், அந்தக் கம்பிக்குள்ளேயே தடம் பிரித்துக் காக்கத் தெரிந்தவர்களின் உழைப்பால் மிஞ்சிய பணம். அவர்களில் பலர் பாடாங் செராயிலும் லூனாஸிலும் பீடோங்கிலும் லயத்தில் பிறந்தவர்கள். வெட்டுக்காரருக்கும் கங்காணிக்கும் கிராணிக்கும் கெடாவின் தொழில் வரலாற்றில் பக்கம் இருப்பதைப் போல, ஸ்விட்ச் பார்த்தவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். இதே வேலையைச் செய்தவர்கள் தங்கள் நோட்டுகளை எறியாமல் வைத்திருந்து, தங்கள் பங்கையும் எழுத வேண்டும்.